கடன் வாங்கிய விதிகளும் எங்கள் வார்டும்

பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிருமித்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் தாதியாகப் பொறுப்பேற்றபோது என் கைக்கு முதலில் வந்து சேர்ந்தவை சுவரொட்டிகள்தாம். கை சுத்தம் செய்தே ஆக வேண்டிய வேளைகளைச் சொல்லும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘ஐந்து தருணங்கள்’, இங்கிலாந்தின் ‘முழங்கைக்குக் கீழே வெறுங்கை’ விதி, அமெரிக்காவின் சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி, வார்டுச் சுவர்களில் ஓரம் சுருண்டு ஒட்டிக் கிடந்தன. அவற்றைப் படிக்காத தாதி எவருமில்லை. தேர்வு வைத்தால் எல்லோரும் தேறுவார்கள். ஆனாலும் சிறுநீர்க் குழாயால் வரும் தொற்றும், அறுவைப் புண்ணில் சீழ் வைப்பதும் குறைந்தபாடில்லை. அந்த விதிகள் பிறந்த ஊர்களில் அவற்றைத் தாங்கிப் பிடித்தது எது என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதனால்தான். விதியைக் கொண்டுவருவது அரை நாள் வேலை. அதற்கு அடியில் இருந்த ஏற்பாட்டை நம்முடைய வார்டில் எந்த இடத்தில், யாருடைய பொறுப்பில் வைப்பது என்று முடிவு செய்வதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

ஜெனீவாவிலிருந்து தொடங்குகிறேன். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழு 1990களின் நடுவில் ஊழியர்களின் கைகளைக் கவனித்தபோது, கை சுத்தம் செய்தே ஆக வேண்டிய வேளைகளில் ஏறத்தாழப் பாதியில் மட்டுமே அது நடப்பதும், மருத்துவர்கள் இதில் தாதியரைவிடப் பின்தங்கியிருப்பதும், வேலை நெருக்கடி கூடக்கூடக் கை கழுவுவது குறைவதும் தெரிய வந்தன. சோம்பல் என்று யாரையும் திட்டாமல் அவர்கள் நேரத்தைக் கணக்குப் பார்த்தார்கள். தொட்டிவரை நடந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசித் துடைத்துத் திரும்புவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது; தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால் ஷிப்டில் பெரும்பகுதி தொட்டியடியிலேயே கழிந்துவிடும். ஆல்கஹால் திரவம் கட்டிலருகிலேயே இருந்தால் 20 முதல் 30 விநாடிகளில் காரியம் முடிகிறது. பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, தொடர்ந்து கவனித்து, கண்டதை ஊழியர்களிடமே திருப்பிச் சொன்னதில், கை சுத்தம் 48 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்று 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வே உலகச் சுகாதார நிறுவனம் பின்னர் எடுத்த இயக்கத்துக்கு அடித்தளம்.

எங்கள் வார்டிலும் திரவம் இருக்கத்தான் செய்தது, அறை வாசலில், பார்வைக்கு அழகாக, ஓர் அறைக்கு ஒன்று. நான்கு கட்டில் போட்ட அறையில் இரவு ஷிப்டில் ஒரு தாதி வேலை செய்வதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதல் கட்டில்காரரின் டிரிப் பாட்டிலை மாற்றினார். இரண்டாம் கட்டில்காரர் கூப்பிட, சிறுநீர்ப் பையைக் காலி செய்தார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்றாம் கட்டில் முதியவரின் தலையணையைச் சரிசெய்தார். வாசலுக்குப் போய்க் கையைத் தேய்த்துவிட்டு வருவதற்கு அவருக்கு எந்தக் கணத்திலும் வழியில்லை. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு பிடிப்பானில் பாட்டிலைப் பொருத்தும்படி கேட்டேன். தீப்பாதுகாப்பு அதிகாரி எவ்வளவு திரவம் ஓர் அறையில் இருக்கலாம் என்று கணக்குக் கேட்டார். ஆல்கஹால் என்பதால் முஸ்லிம் சகாக்கள் தயங்குவார்களோ என்று நிர்வாகத்தில் ஒருவர் அஞ்சினார்; சவூதி அரேபிய மருத்துவமனைகளே அதைப் பயன்படுத்துவதை எடுத்துச் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது. பிடிப்பான்கள் வந்த பிறகு கை தேய்ப்பது கூடியது. கூடவே, வருகையாளர்கள் சின்ன பாட்டில்களை வீட்டுக்கு எடுத்துப் போவதும் கூடியது. கழற்ற முடியாத பூட்டுப் பிடிப்பானுக்கு மாறினோம்.

இதில் கையுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையுறை போட்டவுடன் கை சுத்தமாகிவிட்டது என்ற எண்ணம் எங்கள் ஊழியர்களிடம் ஆழமாக ஊறியிருந்தது. ஒரே கையுறையோடு கட்டிலிலிருந்து கட்டிலுக்குப் போவதும், அதே கையோடு கணினி விசைப்பலகையைத் தட்டுவதும் சாதாரணமாக நடந்தன. கையுறை அணிந்தவரைக் காப்பாற்றுகிறது, அடுத்த நோயாளியைக் காப்பாற்றுவதில்லை. கழற்றும்போது கிருமி கைக்கு ஏறுவதும் உண்டு. ஆகவே கையுறைப் பெட்டியையும் ஆல்கஹால் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றை எடுக்கும் கை மற்றொன்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. இன்னொரு விவரம்: கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற, கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. அந்த நோயாளியின் அறையில் சோப்பும் தண்ணீரும்தான் மருந்து. கதவில் அதற்கெனத் தனி நிறத்தில் அட்டை தொங்குகிறது.

‘முழங்கைக்குக் கீழே வெறுங்கை’ என்ற இங்கிலாந்து விதி எங்களை ஓர் எதிர்பாராத இடத்தில் நிறுத்தியது. கைக்கடிகாரம், வளையல், நீளச் சட்டைக்கை எல்லாம் நோயாளியைத் தொடும்போது இருக்கக் கூடாது. கல் பதிக்காத ஒரே ஒரு மோதிரம் மட்டும் இருக்கலாம். சீன சகாக்களுக்கும் மலாய் சகாக்களுக்கும் வேறு வேறு சிக்கல்கள் இருந்தன. எங்கள் தமிழ்ப் பெண்களுக்கு இருந்த சிக்கல் காப்பு. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து, தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருப்பார்கள். நேர்த்திக்கடன் முடியும்வரை அதை அவிழ்ப்பதற்கு மனம் வராது. தண்ணீரும் சோப்பும் பட்டு ஊறிய கயிறு கிருமிக்கு நல்ல வீடு என்பதும் உண்மை. கயிற்றை வெட்டச் சொன்னால் அந்த விதி அன்றோடு செத்திருக்கும். இங்கிலாந்திலும் சீக்கிய ஊழியர்களின் காப்பைக் குறித்து இதே கேள்வி எழுந்து, 2010இல் வெளியான உடை வழிகாட்டுதலில், சமயக் காப்புகளைக் கைமேல் தள்ளி இறுக்கிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்த பிறகு, எங்கள் பெண்களில் மூத்த ஒருவர் கோயிலில் குருக்களிடம் போய் விசாரித்தார். “கையில கட்டணும்னுதான் சொல்லியிருக்கு, மணிக்கட்டுன்னு யாரும் சொல்லலியே, மேல்கையில கட்டிக்கம்மா” என்று அவர் சொல்லிவிட்டார். இப்போது தை மாதத்தில் விரதக்காரர்களின் கயிறு சட்டைக்கைக்குள் மேலேறி இருக்கிறது. விதியை எழுதியவர்கள் விட்டுவைத்த சந்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று புதிதாக வரும் தாதியருக்கு நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கதையை எல்லோரும் ‘பட்டியல்’ கதையாகச் சொல்வார்கள். சென்ட்ரல் லைன் என்று நாங்கள் சொல்லும், கழுத்து அல்லது மார்பு வழியே பெரிய நாளத்துக்குள் செருகும் குழாயால் இரத்தத்தில் தொற்று ஏறுவதைத் தடுக்க, பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் குழு ஐந்து காரியங்களை மட்டும் வலியுறுத்தியது: கை சுத்தம்; தொப்பி, முகக்கவரி, மேலங்கி, கையுறை, நோயாளியை முழுவதும் மூடும் துணி எல்லாம் சேர்ந்த முழுத் தடுப்பு; தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது; தொடை நாளத்தைக் கூடுமானவரை தவிர்ப்பது; தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவது. 2006இல் வெளியான முடிவின்படி, 103 தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில், 1,000 குழாய் நாள்களுக்கு (ஒருவர் உடலில் ஒரு குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆனது. இந்த ஐந்தில் எதுவும் புதிதல்ல; எந்த மருத்துவரும் கல்லூரியில் படித்ததுதான். புதியது, மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் தாதி வேலையை நிறுத்தலாம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்ததும், வேண்டிய பொருள் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்ததும்.

தள்ளுவண்டி எளிதாக வந்துவிட்டது. நிறுத்தும் உரிமைதான் வரவில்லை. நம் மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவரின் முன்னால் தாதி வாயைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பது உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தனியார் மருத்துவமனையில் நோயாளியைக் கொண்டுவருபவரே அந்த மருத்துவர் என்பதால் கடினம் இரட்டிப்பு. மருத்துவ இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் ஒட்டப்பட்ட பிறகும் சில வாரங்கள் யாரும் எதையும் நிறுத்தவில்லை. பிறகு நாங்கள் செய்தது, என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு வாக்கியமாகவே தயாரித்துப் பழக்கியது. சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஓர் இளம் தாதி அதை முதன்முதலில் பயன்படுத்தியபோது நான் அருகில் இருந்தேன். மருத்துவர் கழுத்து நாளத்தில் ஊசி ஏற்றி, அதன் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்திக்கொண்டிருந்தார். கம்பியின் வால்பகுதி வளைந்து, மூடுதுணிக்கு வெளியே கட்டிலின் கம்பியில் ஒரு கணம் பட்டு மீண்டது. அவர் கவனிக்கவில்லை. “டாக்டர், கம்பி வெளியே பட்டிருக்கு; புது செட் பிரிச்சிட்டேன், தரட்டுமா?” என்றார் அந்தப் பெண். உறையைக் கிழித்துக்கொண்டே கேட்டதுதான் அதில் நயம். மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கையை நீட்டினார். அவ்வளவுதான். ‘நிறுத்துங்கள்’ என்ற சொல்லே இல்லாமல் நிறுத்தம் நடந்தது. மிச்சிகனில் நேரடியாகச் சொல்லியிருப்பார்கள். இங்கே கேள்வியாகக் கேட்டு, அடுத்த வழியையும் கையில் வைத்துக்கொண்டு சொல்வதே செல்லுபடியாகிறது. மாற்றுப் பொருள் எப்போதும் ஒரு செட் கூடுதலாகத் தள்ளுவண்டியில் இருக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் சேர்த்துக்கொண்டது அன்றைக்குப் பிறகுதான்.

இந்தக் குழாய் விஷயத்தில் கணக்கு முக்கியம். எத்தனை பேருக்குத் தொற்று என்று மட்டும் எண்ணினால், நோயாளிகள் குறைந்த மாதம் நல்ல மாதமாகத் தெரியும். 1,000 குழாய் நாள்களுக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். அதற்கு, நாள்தோறும் ஒரே நேரத்தில், வார்டில் எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாயும் எத்தனை பேருக்குச் சென்ட்ரல் லைனும் இருக்கின்றன என்று எண்ணி எழுத வேண்டும். எண்ணும் தாதியே ‘இது இன்னும் தேவையா?’ என்ற கேள்வியையும் கேட்டுவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மறந்துபோய் விட்டுவைத்த சிறுநீர்க் குழாய்கள் எத்தனை இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. படுக்கையை விட்டு எழுந்து நடமாடும் நோயாளிகூடப் பையைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்.

நெதர்லாந்தின் முறையைப் படிக்கும் எவருக்கும் பொறாமை வரும். எம்ஆர்எஸ்ஏ என்ற, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி இருக்கலாம் என்று சந்தேகப்படும் நோயாளியை, குறிப்பாக வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்திருந்துவிட்டு வருபவரை, சோதனை முடிவு வரும்வரை தனியறையில் வைப்பார்கள். கிருமி ஏறிய ஊழியரைக்கூடச் சிகிச்சை முடியும்வரை நோயாளிகளிடமிருந்து விலக்கிவைப்பார்கள். ‘தேடி அழி’ என்று பெயர் பெற்ற இந்த முறையால் அந்நாட்டில் எம்ஆர்எஸ்ஏ பல பத்தாண்டுகளாக மிகக் குறைவாகவே இருந்துவருகிறது. எங்களுக்கு அத்தனை தனியறைகள் இல்லை. ஆனால் அந்த முறையின் முதல் படி ஒரு கேள்விதான்: இதற்கு முன் எங்கே படுத்திருந்தீர்கள்? பினாங்கில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். இந்தோனேசியாவின் மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் சிகிச்சைக்காகவே விமானம் ஏறி வருபவர்கள் இங்கே ஏராளம். நம் தமிழர்களிலும் சென்னையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி, புண் ஆறாமல் இங்கே வந்து படுப்பவர்கள் உண்டு. 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டு, அவர் முன்பு சிகிச்சை பெற்றிருந்த புதுடில்லியின் பெயரோடு உலகறிந்த என்டிஎம் என்ற, மருந்துகளை முறிக்கும் கிருமி நொதி, கிருமிகள் நோயாளியோடு சேர்ந்து எல்லை தாண்டுவதற்கு நன்கு தெரிந்த சான்று.

முதலில் அந்தக் கேள்வியைப் பதிவு முகப்பில் சேர்த்தார்கள். காப்புறுதி அட்டை கேட்கும் அதே இடத்தில், அதே குரலில் கேட்டால், மக்கள் செலவு கூடிவிடுமோ, சேர்க்க மறுப்பார்களோ என்று பயந்து ‘இல்லை’ என்றே சொல்வார்கள், சொன்னார்கள். கட்டிலில் படுத்துத் தண்ணீர் குடித்த பிறகு, தாதி தமிழிலோ மலாயிலோ ஹொக்கியனிலோ பேச்சோடு பேச்சாக, “முன்னாடி எங்க வைத்தியம் பாத்தீங்க ஐயா? அங்க எத்தனை நாளு தங்குனீங்க?” என்று கேட்டால் முழுக் கதையும் வருகிறது. முதியோர் இல்லத்திலிருந்து வருபவர், ஓராண்டுக்குள் வேறு மருத்துவமனையில் படுத்தவர், முதுகில் படுக்கைப் புண் உள்ளவர், குழாயோடு வருபவர் ஆகியோருக்கு மூக்கிலும் ஆசனவாயிலும் பஞ்சுத் தடவல் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை மேலங்கியும் கையுறையும் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

தனியறை இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு இஸ்ரேலிடம் விடை இருந்தது. கார்பபெனம் என்ற கடைசிக் கட்ட மருந்துக்கும் அடங்காத குடல் கிருமிகள் 2006 முதல் அங்கே நாடு முழுவதும் பரவின. 2007 மார்ச்சில் சுகாதார அமைச்சே நேரடியாக இறங்கி, அந்தக் கிருமி உள்ள நோயாளிகளை ஒரே பகுதியில் சேர்த்து, அவர்களுக்கென்று தனித் தாதியரை ஒதுக்க வேண்டும், தினமும் கணக்குத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. 100,000 நோயாளி நாள்களுக்கு 55.5 ஆக இருந்த புதிய தொற்று 2008 மே மாதத்தில் 11.7 ஆக இறங்கியது. சுவரால் பிரிக்க முடியாததை ஆளால் பிரித்தார்கள் என்று இதை நான் புரிந்துகொண்டேன். நான்கு கட்டில் அறையின் ஒரு மூலையில் அப்படிப்பட்ட ஒருவரை வைக்க நேர்ந்தால், அந்த ஷிப்டில் அவரைப் பார்க்கும் தாதி மற்ற மூவரைத் தொடுவதில்லை. இரத்த அழுத்தமானி, ஸ்டெதஸ்கோப், வெப்பமானி எல்லாம் அவருக்கே தனி. ஆள் பற்றாக்குறை நாளில் இது முதலில் உடைகிற ஏற்பாடு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற ஒதுக்கீட்டை மேட்ரன் கையால் எழுதி மாட்டினால் நிற்கிறது. பேச்சோடு விட்டால் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே கலைந்துவிடுகிறது.

துப்புரவு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலேசிய அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு வேலைகள் 1990களின் பிற்பாதி முதல் ஒப்பந்த நிறுவனங்களிடம் இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் அப்படியே. துடைப்பம் பிடிப்பவருக்கும் வார்டுக்கும் இடையே ஒரு மேற்பார்வையாளரும் ஓர் ஒப்பந்தமும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2007 முதல் துணிக்கும் வாளிக்கும் நிறம் பிரித்துத் தந்தார்கள்: கழிவறைக்குச் சிவப்பு, வார்டுக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை, தனிமைப்படுத்திய அறைக்கு மஞ்சள். வங்காளதேசத்திலிருந்து வந்த தம்பிக்கும், எஸ்டேட்டிலிருந்து வந்த அக்காவுக்கும் எழுத்தில்லாமல் புரியும் முறை என்பதால் எங்களுக்கு அது அப்படியே பொருந்தியது. பொருந்தாமல் நின்றது வேறொன்று. அமெரிக்காவில் ஒரு குழு கண்ணுக்குத் தெரியாத, ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் பசையைக் கட்டில் கம்பி, அழைப்பு மணி, கதவுப் பிடி போன்ற இடங்களில் தடவிவிட்டு, துப்புரவு முடிந்த பிறகு போய்ப் பார்த்தது. 23 மருத்துவமனைகளில் பாதி இடங்களில் மட்டுமே துணி பட்டிருந்தது. நாங்களும் செய்து பார்த்தோம். தரை, கழிவறை, மேசை எல்லாம் பளிச்சென்று இருந்தன. டிரிப் பம்பின் பொத்தான்கள், கம்பத்தில் கை பிடிக்கும் இடம், தொலைக்காட்சி ரிமோட் மூன்றிலும் பசை அப்படியே மின்னியது.

அந்த வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விளக்கைக் கையில் வாங்கி, பம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மிஸ்ஸி, இதத் தொட்டா தாதிங்க ஏசுவாங்க. மெஷினு நின்னுபோச்சுன்னா யாரு பதில் சொல்றது? இது எங்க வேலைன்னு யாரும் சொன்னதில்ல” என்றார். தாதியரைக் கேட்டால், துடைப்பது துப்புரவுக்காரர் வேலை என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னது நியாயம். பொருள்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, எதை யார் எப்போது துடைப்பது என்று பெயர் போட்டோம். மின்சாரத்தில் ஓடுவது எல்லாம் தாதிக்கு, மற்றது துப்புரவுக்கு, ரிமோட்டுக்கு மாற்றும் உறை. ஊதா விளக்கை அதிர்ச்சி கொடுக்கும் சோதனையாக வைத்துக்கொள்ளாமல், அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டோம். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவர்தான் அதைக் காட்டிச் சொல்லித் தருகிறார். விலையுயர்ந்த ஊதாக்கதிர் ரோபோவை விற்க வந்தவர்களிடம், எங்கள் பம்பின் பொத்தானை முதலில் யாராவது துடைக்கட்டும், பிறகு பேசலாம் என்று நான் சொன்னது நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. காலணி மேல் போடும் நீலப் பிளாஸ்டிக் உறையையும் நான் ஆதரிப்பதில்லை. அதைக் குனிந்து மாட்டிக் கழற்றும் கையில்தான் அழுக்கு ஏறுகிறது.

வருகையாளர் விஷயத்தில் தென் கொரியாவின் 2015 அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கிய மெர்ஸ் என்ற சுவாச நோய் 186 பேரைத் தொற்றி, 38 பேரின் உயிரைப் பறித்தது. பெரும்பாலும் எல்லாமே மருத்துவமனைகளுக்குள் நடந்தது. தொற்றியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் நோயாளியைக் கவனித்துக்கொள்ள வந்த குடும்பத்தாரும் பார்க்க வந்தவர்களும். குடும்பமே கட்டிலடியில் தங்கிப் பணிவிடை செய்வது அங்கே வழக்கம். நமக்கும் அது அந்நியமில்லை. கெடாவிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்குவார்கள். அத்தை சாப்பாட்டு அடுக்கைப் போர்வை மேலேயே வைத்துப் பிரிப்பார். சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பிடித்த மருமகன் அதே கையால் அப்பளத்தை நொறுக்குவார். பேரப்பிள்ளை பக்கத்துக் கட்டிலில் ஏறி உட்காரும். “தூரத்திலேர்ந்து வந்திருக்கோம் மிஸ்ஸி, ஒரு அஞ்சு நிமிஷம்” என்பவரிடம் விதியை நீட்டுவது எனக்கே சங்கடம். கொரியா பின்னர் குடும்பத்தார் செய்த பணிவிடையை மருத்துவமனைத் தாதியரே ஏற்கும் சேவையை விரிவாக்கியது. அத்தனை ஆள் நமக்குக் கிடைக்காது. குடும்பத்தை விரட்ட முடியாது என்றால் குடும்பத்தையே ஊழியராக எண்ணிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரு நோயாளிக்குப் பெயர் சொல்லி ஒருவர்; அவருக்கு முதல் நாளே கை தேய்க்கும் முறையையும், பையைத் தொடக் கூடாது என்பதையும் காட்டித் தருகிறோம்; கட்டிலில் உட்காராமல் இருக்க ஒரு மடக்கு நாற்காலி கொடுக்கிறோம்; வேனில் வந்த மற்றவர்கள் கீழே கேண்டீனில் இருந்து காணொளி அழைப்பில் பேசுகிறார்கள். மூத்த மகளையோ மருமகளையோ பொறுப்பாக்கினால், மற்றவர்களை அவரே அடக்கிவிடுகிறார். தாதி சொல்லிக் கேட்காத மாமா, மருமகள் முறைத்தால் எழுந்து நிற்கிறார்.

முகக்கவரியைப் பற்றிப் பினாங்குக்காரர்கள் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை என்று நான் சில நேரம் பெருமையாகச் சொல்வதுண்டு. 1879இல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த மருத்துவர் வூ லியென் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பினுக்குப் போய், அங்கே பரவிய கொள்ளைநோய் மூச்சுவழி தொற்றுகிறது என்று கண்டு, பஞ்சும் துணியும் அடுக்கிய முகக்கவரியை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெனி முகக்கவரி இல்லாமல் நோயாளிகளைப் பார்த்து, சில நாள்களில் அதே நோயால் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் ஓய்ந்ததும், 1911 ஏப்ரலில் முக்டெனில் 11 நாடுகளின் வல்லுநர்கள் கூடிக் கற்றதைப் பகிர்ந்துகொண்டார்கள். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரைத் தாங்கிய கிருமி 2018இல் கோழிக்கோட்டில் பரவியபோது, லினி என்ற தாதி உட்பட மருத்துவமனையில் வைத்துத் தொற்றியவர்களே மிகுதி. ஸ்கேனுக்குக் காத்திருந்த நடைவழியிலேயே சிலருக்கு ஏறியது. அதைப் படித்த பிறகு எங்கள் எக்ஸ்ரே பிரிவின் காத்திருப்பு நாற்காலிகளைப் பிரித்தோம். இருமலோடு வருபவருக்குப் பதிவு முகப்பிலேயே முகக்கவரி கொடுத்து, வேறு பக்கம் உட்கார வைக்கிறோம்.

ஊழியர் நலத்துக்குச் சிங்கப்பூரின் 2003. சார்ஸ் தொற்றிய 238 பேரில் பத்தில் நான்கு பேர் சுகாதார ஊழியர்கள். மொத்தம் 33 பேர் இறந்தார்கள். ஊழியர் ஒவ்வொருவரும் நாள்தோறும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும் என்றது அந்நாடு. இங்கே எம்சி எனும் மருத்துவ விடுப்பு எடுப்பவரைச் சோம்பேறி என்று பார்க்கும் பழக்கம் இருக்கும்வரை, காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். எம்சி எண்ணிக்கையை வருடாந்திர மதிப்பீட்டிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் கவனம் கை கழுவும் தொட்டிகளில் இருக்கிறது. 2011–12இல் வட அயர்லாந்தில் பச்சிளங்குழந்தைகளின் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் சூடோமோனாஸ் தொற்றில் நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிருமி தண்ணீர்க் குழாய்களிலேயே குடியிருந்தது தெரியவந்தது. எங்கள் தொட்டிகளில் பார்த்தால், நோயாளிகள் மிச்சமான மைலோவை ஊற்றுகிறார்கள், தாதியர் பாதி டிரிப்பைக் கொட்டுகிறார்கள். சர்க்கரையும் மருந்தும் வடிகாலில் இறங்கிக் கிருமியை வளர்க்கின்றன. பல தொட்டிகளில் தண்ணீர் நேரே வடிகால் துளையின் மேலேயே விழுகிறது; விழும்போது தெறிக்கிறது. அருகில் மருந்து தயாரிக்கும் மேசை இருந்தால் தெறிப்பு அங்கேயும் போகும். மேசைகளை நகர்த்திவிட்டோம். பானமும் டிரிப்பும் ஊற்றுவதற்கு வேறு தொட்டி என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். குழாய் வாயைச் சற்றுத் திருப்பி, தண்ணீர் தொட்டியின் சரிவில் விழும்படி மாற்ற முடியுமா என்று பிளம்பரிடம் கேட்டதற்கு, பத்துத் தொட்டிகளில் முடியும், பழைய கட்டடத்தில் இருப்பவற்றுக்குத் தொட்டியையே மாற்ற வேண்டும் என்றார். முதலில் எந்த வார்டு என்பதைக் கிருமிக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யும்படி கேட்டிருக்கிறேன். குழந்தைகள் பிரிவின் தொட்டிகளுக்கு விலைப்புள்ளி வந்துவிட்டது.